வார்டுக்கு வெளியே நிற்கும் வாசகர்

சின்னசேலம் வட்டாரத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் விளையும் வயல்களின் நடுவே அமைந்த நைனார்பாளையத்திலோ அதன் அண்டைக் கிராமங்களிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சித்தம் கலங்கி, அவன் இரவெல்லாம் உறக்கமின்றித் திண்ணையில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாத எவருடனோ வாதாடத் தொடங்குவானாகில், அந்தக் குடும்பத்தார் எந்த வழியில் நடப்பார்கள் என்பது இந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்பாள் பாட்டி. பூசாரி மந்திரித்த கயிறு மணிக்கட்டில் ஏறும். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே வேப்பிலை அடி விழும். ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமன் முறைக்காரர் யோசனை சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால், முசிறிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கி, உச்சிக்காலப் பூஜையின்போது முகத்தில் தெளிக்கப்படும் தீர்த்தத்துக்காகக் காத்திருப்பார்கள். இன்னும் சிலர் ராமநாதபுரம் சீமையின் ஏர்வாடி தர்காவரை போவார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர், கடைசியாகச் சென்னைக் கீழ்ப்பாக்கம் என்ற பெயர்கள் பேச்சில் அடிபடத் தொடங்கும்போது பெரும்பாலும் வருஷங்கள் சில கழிந்திருக்கும்; அடகுக்குப் போன நகையும் திரும்பியிராது.

இந்த வழியில் ஒரு முறையேனும் நடந்தவர், அல்லது நடந்தவரின் அண்ணனாகவோ தங்கையாகவோ வாழ்ந்தவர், மனநோய் மருத்துவமனையைக் களமாகக் கொண்ட உலகப் புகழ்பெற்ற நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் எதைப் படிப்பார் என்பதே இக்கட்டுரையின் விஷயம். அமெரிக்க எழுத்தாளர் கென் கெஸி 1962-ல் வெளியிட்ட ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ என்ற அந்த நாவலைப் பற்றி வாசகர்களின் அபிப்பிராயங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. விடுதலையின் வேதம் என்று போற்றியவர்களும், பெண்குலத்தின் மீதான வசை என்று தூற்றியவர்களும், பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையத் தகாத ஆபாசம் என்று வழக்கு மன்றம் ஏறியவர்களும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். அவர்களுடைய அபிப்பிராயங்களை அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது நமக்குத் தெளிவாவது ஒன்று: வாசகர் எந்த இடத்தில் நின்றுகொண்டு படிக்கிறார் என்பதைப் பொறுத்தே இந்நாவலின் நியாயம் மாறுகிறது. அமெரிக்கர் நின்ற இடம் வேறு. நாம் நிற்கும் இடம் வேறு. அவருடைய கோபத்தை அப்படியே இரவல் வாங்கினால் நஷ்டம் நமக்கே.

குரலை உயர்த்தாத அதிகாரம்

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் இராப்பணி உதவியாளராக வேலை பார்த்தபோது கண்ட காட்சிகளிலிருந்து கெஸியின் இந்நாவல் பிறந்தது. எல்.எஸ்.டி. முதலிய மருந்துகளைத் தம் உடம்பில் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கும் அவர் கூலி பெற்றுக்கொண்டு அங்கே இசைந்திருந்தார். அப்பரிசோதனைகளுக்குப் பின்னால் சி.ஐ.ஏ. என்ற உளவு ஸ்தாபனத்தின் பணம் இருந்தது பிற்பாடு அம்பலமாயிற்று. கதை ஆரிகன் மாநிலத்து மருத்துவமனையின் ஒரு வார்டுக்குள் நடக்கிறது. சிறைப் பண்ணையின் உடலுழைப்பிலிருந்து தப்புவதற்காகப் பைத்தியம் என்று நடித்து அங்கே வந்துசேரும் மெக்மர்ஃபி என்ற சூதாடி ஒருபுறம். குரலை உயர்த்தாமலே அத்தனை பேரையும் ஆட்டிவைக்கும் ராட்செட் என்ற தலைமை நர்ஸ் மறுபுறம். செவிடும் ஊமையுமாக நடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் காதில் வாங்கி நமக்குக் கதை சொல்லும் பூர்வகுடி மனிதர் ப்ராம்டன் இவ்விருவருக்கும் நடுவே.

அதில் ஒரு காட்சியை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். பேஸ்பால் இறுதிப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்க அனுமதி வேண்டி மெக்மர்ஃபி நோயாளிகளிடையே வாக்கெடுப்பு நடத்துகிறான். அச்சத்தை மீறிக் கைகள் உயர்கின்றன. சுயநினைவின்றிக் கிடக்கும் நெடுநாள் நோயாளிகளையும் கணக்கில் சேர்த்து, பெரும்பான்மை இல்லை என்கிறாள் நர்ஸ். அப்போது, அத்தனை ஆண்டுகளாக எதையும் கேளாதவராக நடித்திருந்த ப்ராம்டனின் கை மேலே செல்கிறது. அந்த வாக்கும் காலம் கடந்து வந்தது என்று தள்ளப்படுகிறது; பெட்டியின் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. நோயாளிகளோ தங்கள் வேலைகளைப் போட்டுவிட்டு, எதுவும் தெரியாத வெற்றுத் திரையின் முன் வரிசையாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்களை எழுந்து போகும்படி நர்ஸ் கத்தும் அந்தக் கணத்தில், அந்த வார்டில் நிதானம் இழந்தவர் யார் என்ற கேள்வியை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

இதைவிடக் கூர்மையான இடம் பின்னால் வருகிறது. தன்னோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் எவராலும் அடைக்கப்படாதவர்கள், தாமாகவே வந்து தங்கியிருப்பவர்கள், கதவைத் திறந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறக்கூடியவர்கள் என்பதை மெக்மர்ஃபி அறிகிறான். வெளி உலகின் ஏளனத்துக்கு அஞ்சியே அவர்கள் உள்ளே இருக்கிறார்கள். திக்குவாயனான பில்லி என்ற இளைஞனை அவனுடைய தாயிடம் சொல்லிவிடுவேன் என்ற ஒரே மிரட்டலால் நர்ஸ் தற்கொலைக்குத் தள்ளுவதும், அதைக் கண்டு அவள் கழுத்தைப் பிடித்த மெக்மர்ஃபியின் மூளையில் கத்தி வைத்து அவனை நடைப்பிணமாக்குவதும், அந்த உடம்புக்கு விடுதலை தந்துவிட்டு ப்ராம்டன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியேறுவதும் கதையின் முடிவு.

எத்தனை வாசகர், எத்தனை நாவல்

1955-ஆம் ஆண்டில் அமெரிக்க மாநிலங்களின் மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால்தான் அந்நாட்டு வாசகரின் ஆவேசம் நமக்கு விளங்கும். முன்மூளையின் நரம்புகளை வெட்டும் லொபாடமி என்ற அறுவையைத் தொடங்கிவைத்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-ல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. சித்தப்பிரமைக்கு முதல் பயனுள்ள மருந்தான குளோர்ப்ரோமசின் 1952-ல்தான் வைத்தியத்துக்கு வந்தது. ஆகவே, மருத்துவமனை என்பது தம் மகனையோ மனைவியையோ விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத ஒரு மாளிகை என்று எண்ணிய ஜன சமூகம் கெஸியின் நாவலைத் தன் சொந்த வழக்காகவே படித்தது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த இளைஞர்களோ வார்டைத் தங்கள் தேசமாகவும், நர்ஸைத் தங்கள் அரசாங்கமாகவும் பாவித்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பும் குறைவில்லை. 1974-ல் ஒஹாயோ மாநிலத்து ஸ்ட்ராங்ஸ்வில் என்ற ஊரில் ஐந்து பேர், குற்றச் செயல்களைக் கொண்டாடும் இப்புத்தகத்தை வகுப்பறையிலிருந்து நீக்கவேண்டுமென்று வழக்குத் தொடுத்தார்கள். பெண் விமர்சகர்கள், அதிகாரம் செலுத்தும் பெண்கள் எல்லாம் ஆண்மையை நசுக்கும் அரக்கிகளாகவும், இணக்கமான பெண்கள் எல்லாம் விலைமகளிராகவும் சித்திரிக்கப்பட்டிருப்பதைச் சுட்டினார்கள். கறுப்பின உதவியாளர்கள் கொடுமையின் கைக்கருவிகளாகவே வருவதைப் பிறர் கண்டித்தார்கள். செவிலியர் பலருக்கு, முதுகு ஒடிய இராப்பணி செய்யும் தம் தொழிலின் முகத்தில் இந்தக் கதை பூசிய கரி இன்னும் போகவில்லை. இவை யாவும் நியாயமான குறைகளே. ஒரு நாவலின் சக்தியைப் பாராட்டுவதற்காக அதன் பாரபட்சத்தையும் சேர்த்துப் பாராட்டவேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை.

1975-ல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய திரைப்படம், சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து பிரதான ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேரப் பெற்றது. அது ஆரிகனின் சேலம் நகரத்து அரசு மனநோய் மருத்துவமனையிலேயே படமாக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் டீன் ப்ரூக்ஸ், தம்முடைய ஸ்தாபனத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கதைக்குக் கதவைத் திறந்துவிட்டதோடு, படத்தில் டாக்டராக வேஷமும் ஏற்றார். நோயாளிகள் சிலர் படப்பிடிப்பு வேலைகளில் கூலிக்கு அமர்ந்தார்கள். விமர்சனத்தை விரோதமாகக் கொள்ளாத ஒரு மருத்துவ அதிகாரியின் இந்தச் செய்கை, அந்நாவலுக்குக் கிடைத்த எதிர்வினைகளுள் மிக உயர்ந்தது என்பது நம் எண்ணம். படத்தின் மீது தீராக் கோபம் கொண்டவர் கெஸி ஒருவரே: கதை சொல்லும் ஸ்தானத்திலிருந்து ப்ராம்டனை இறக்கிவிட்டார்களே என்று வழக்காடிய அவர், அந்தப் படத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று சொல்லிவந்தார்.

இத்தகைய கதைகளுக்கு மூலபுருஷர் என்று ருஷ்ய எழுத்தாளர் செகாவைச் சொல்லலாம். 1892-ல் வெளியான அவருடைய ‘ஆறாவது வார்டு’ குறுநாவலில், நோயாளி ஒருவனோடு சம்பாஷிப்பதில் இன்பம் கண்ட மருத்துவர், அந்தச் சம்பாஷணையையே காரணமாகக் காட்டி, தாம் நிர்வகித்த அதே வார்டில் அடைக்கப்பட்டு, அதுவரை தாம் கண்டும் காணாதிருந்த காவலாளியின் முஷ்டியால் அடிபட்டு மாள்கிறார். அதை இளவயதில் படித்து முடித்த லெனின், தாமே அந்த வார்டில் பூட்டப்பட்டதாக உணர்ந்து, அறையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து வெளியே போய்விட்டதாக அவருடைய சகோதரியின் நினைவுக்குறிப்பு கூறுகிறது. சிலருக்கு அது வைத்தியத்தைப் பற்றிய கதை. லெனினுக்கு அது ருஷ்யாவைப் பற்றிய கதை.

கொட்டகை வழியாக வந்த பயம்

தமிழ் வாசகருள் கெஸியை அச்சில் படித்தவர் சொற்பம். கொட்டகையில் பார்த்தவர் அநேகம். 1986-ல் பிரியதர்ஷன் மலையாளத்தில் இயக்கி, மோகன்லால் நடித்த ‘தாளவட்டம்’ இந்நாவலின் சாயலில் உருவானது. அது பிரபு நடிக்க ‘மனசுக்குள் மத்தாப்பூ’ என்று 1988-ல் தமிழுக்கும், 2005-ல் ‘க்யோங் கி’ என்று இந்திக்கும் வந்தது. வழியில் நேர்ந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. மலையாளப் படத்தில் தலைமை நர்ஸின் சிங்காசனத்தில் அமர்பவர், நாயகியின் தகப்பனாரான தலைமை மருத்துவர். அமெரிக்காவில் ஒரு யந்திர சமூகத்துக்கும் தனிமனிதனுக்கும் நடந்த யுத்தம், நம் மண்ணுக்கு வந்ததும், காதலைத் தடுக்கும் அப்பாவுக்கும் காதலனுக்கும் நடக்கும் போராட்டமாகிவிட்டது. நம்முடைய அதிகார பீடம் ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்பதைத் திரைக்கதை ஆசிரியர்கள் அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

1999-ல் வந்த பாலாவின் ‘சேது’, ஆஸ்பத்திரியை விட்டு விலகி, சங்கிலி பிணைத்த மடத்துக்குள் நம்மை அழைத்துச் சென்றது. அந்த வகையில் அது நம் யதார்த்தத்துக்கு மிக அருகில் நின்றது. சித்தம் தெளிந்து தப்பி வந்த சேது, காதலி இறந்துகிடப்பதைக் கண்டு, எவரும் இழுக்காமலே அந்த மடத்துக்குத் திரும்பிச் செல்வதைக் கண்டு அழாத ஊர் இல்லை. கெஸியின் நோயாளிகள் வெளி உலகுக்கு அஞ்சி உள்ளே தங்கினார்கள். சேதுவுக்கோ வெளி உலகமே இல்லாமற்போயிற்று.

ஆனால் இத்தகைய படங்களின் வழியே நம் கிராமங்களுக்குள் இறங்கிய ஒரு பயம் மட்டும் எளிதில் நீங்குவதாயில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போனா கரண்ட் வைப்பாங்க” என்ற ஒரே வாக்கியம், எத்தனையோ பேரை மருத்துவரின் வாசற்படியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. 1938-ல் ரோமாபுரியில் தொடங்கிய மின்அதிர்வு வைத்தியம், கெஸி காட்டியதுபோல, நினைவோடிருக்கும் நோயாளியைக் கட்டிப் போட்டுத் தண்டனையாகத் தரப்பட்ட காலம் உண்டென்பது மெய்யே. இன்று மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இன்றி அதைச் செய்வது இந்தியாவில் சட்டப்படி குற்றம். உண்ணாமல், அசையாமல், சாவை நோக்கிச் செல்லும் தீவிர மனச்சோர்வில் அது உயிர்காக்கும் வைத்தியமாகவும் இருக்கிறது. நாவலாசிரியர் தம் காலத்துக் கொடுமையைச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தை இன்றைய மருத்துவச் சீட்டாக வைத்துக்கொள்வது வாசகரின் பிழை.

கீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மையார்

நம்முடைய கீழ்ப்பாக்கத்தின் வரலாறு நெடியது. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் தொடங்கிய சித்தப்பிரமையாளர் காப்பகமே, 1871-ல் இன்றைய கீழ்ப்பாக்கத்து விசாலமான தோட்டத்துக்கு இடம் மாறி, பெயரையும் பலமுறை மாற்றிக்கொண்டு, சுமார் 1,800 படுக்கைகள் கொண்ட அரசு மனநலக் காப்பகமாக வளர்ந்தது. அந்த ஊர்ப் பெயரை நாம் என்ன செய்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். “இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேக்கணும்” என்பது பள்ளிக்கூடத்துப் பையன் முதல் சட்டமன்றத்து உறுப்பினர் வரை நாக்கில் தயாராக வைத்திருக்கும் பரிகாசம். திருநாவலூரில் பிறந்த சுந்தரர், தம் மணப்பந்தலில் அடிமை ஓலை காட்டி வழக்குப் பேசிய கிழவரைப் பித்தன் என்று ஏச, அந்த ஏச்சையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவன் பணித்ததாகச் சொல்லும் கதை இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மண்ணுக்குச் சொந்தமானது. பித்தனைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும், தெருவில் கண்டால் கல்லெறியவும் ஒரே சமூகத்துக்குக் கூடியிருக்கிறது.

கெஸியின் நாவல் அச்சேறுவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1961-ல், கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண்மணி: இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் எம். சாரதா மேனன். 1978 வரை அப்பதவியில் இருந்து, புறநோயாளிகளுக்கான சிகிச்சையையும், குணமடைந்தோரைத் தொழிலில் பழக்கும் பணியையும் வளர்த்து, ஓய்வுக்குப் பின் 1984-ல் மனச்சிதைவு நோய்க்கென ஸ்கார்ஃப் என்ற ஆய்வு நிறுவனத்தையும் கண்டு, 1992-ல் பத்மபூஷண் பெற்று, தொண்ணூற்றெட்டாம் வயதில் 2021-ல் மறைந்தார். உலகம் முழுதும் ராட்செட் என்ற கற்பனைப் பெண்ணை வெறுக்கக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒரு மெய்யான பெண்மணி மெய்யான வார்டுகளின் கதவுகளைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதப்படாதது தமிழ் இலக்கியத்தின் குறை.

உள்ளிருந்து எழுதியவர்கள்

வார்டின் உள்ளிருந்து தமிழில் பேசிய நாவல் என்று சொல்லத் தகுந்தது கோபி கிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’. உளவியல் பயின்று, மனநலத் துறையில் சமூகப் பணியாளராக உழைத்து, மனவேதனையின் கொடுமையைத் தாமும் அறிந்திருந்த அவர், 2003-ல் வறுமையிலேயே மறைந்தார். அவருடைய நாவலில் மெக்மர்ஃபி போன்ற வீரன் எவனும் இல்லை. ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடும் உச்சகட்டமும் இல்லை. ஒவ்வொருவராக மனிதர்கள் வருகிறார்கள், தங்கள் நியாயத்தைத் தங்கள் மொழியில் சொல்கிறார்கள், போகிறார்கள். கேட்பவர் தீர்ப்பு வழங்காமல் கேட்கிறார். கதை எங்கே என்று தேடும் வாசகருக்கு அது சலிப்பைத் தரக்கூடும். வீட்டில் அத்தகைய ஒருவரோடு வாழ்ந்தவருக்கோ, நம் பிள்ளை பேசியதும் இப்படித்தானே, நாம் ஏன் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியை அது தராமல் விடாது. சிறுபத்திரிகை வாசகர்களிடம் மட்டும் நெடுங்காலம் புழங்கிய அப்புத்தகம், மாவட்டந்தோறும் நூலகங்களில் இருக்கவேண்டியது.

எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ மற்றொரு வகை. கும்பகோணத்தில் பிறந்து, மணிக்கொடி காலத்தில் எழுதத் தொடங்கிய அந்தக் கதைஞர், தம் அந்திம காலத்தில் எழுதிய இந்நாவலுக்கு 1993-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. முருக பக்தனான மகாலிங்கம் என்ற இல்லறத்தானின் காதுகளுக்குள் குரல்கள் புகுந்துகொள்கின்றன. அவை ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, நாடகம் நடத்துகின்றன. அவனோ மனைவி மக்களோடு சோற்றுக்கு வழி தேடிக்கொண்டே, அந்த இரைச்சலின் நடுவில் தன் பிரக்ஞை சிதறாமல் காத்துக்கொள்ளப் போராடுகிறான். வார்டு என்பதே இந்நாவலில் இல்லை. ஒரு மனிதனின் மண்டையே வார்டு. ஆசிரியர் தம் சொந்த அனுபவத்தின் மீதே இதைக் கட்டினார் என்பதால் வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். தாமச சக்திகளோடு ஓர் உபாசகன் நடத்திய ஆன்மிக யுத்தம் என்று ஒரு சாராரும், மனச்சிதைவின் நேர்மையான வாக்குமூலம் என்று மற்றொரு சாராரும் அதைப் படிக்கிறார்கள். இவ்விரு கட்சியும் நைனார்பாளையத்துத் திண்ணையில் ஏற்கெனவே உண்டு: பாட்டி முதற்கட்சி, மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம் என்னும் பேத்தி இரண்டாம் கட்சி. முருகனைக் கும்பிட்டுக்கொண்டே மாத்திரையும் விழுங்கலாம் என்று சமாதானம் பேசி வைப்பதே அறிவுடைமை என நாம் கருதுகிறோம்.

மலையிலிருந்து படித்தால்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞர் ஒருவர் கெஸியின் நாவலைப் படிப்பாரானால், அவர் கண் முதலில் பதியும் இடம் நர்ஸும் அல்ல, சூதாடியும் அல்ல, ப்ராம்டனே. ப்ராம்டனுடைய தகப்பனார் தம் குலத்தின் தலைவர். அருவியில் மீன் பிடித்து வாழ்ந்த அவர்களுடைய கிராமத்தை அணைக்கட்டுக்காக அரசாங்கம் விலை பேசி வாங்கிவிட, நிலம் போன துக்கத்தில் அந்த மனிதர் குடித்துக் குடித்துச் சிறுத்துப் போகிறார். தம்மிடம் வந்த அதிகாரிகள், தாம் அங்கே நிற்பதையே காணாதவர்கள்போலத் தமக்குள் பேசிக்கொண்டதைச் சிறுவயதில் கண்ட அன்றே ப்ராம்டன் செவிடாகத் தொடங்கிவிட்டார். அவருடைய நோயின் வேர் மண்டைக்குள் மட்டும் இல்லை.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. தேசம் சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழித்தே அங்கே ஜாகீர் ஒழிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே, மலையில் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எந்த நிலையில் உள்ளன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. இதை அறிந்த வாசகருக்கு, குடியையும் சித்தக் கலக்கத்தையும் அவரவர் விதி என்றோ, அவரவர் கொழுப்பு என்றோ தள்ளிவிட மனம் வராது. திரைப்படம் கைவிட்ட ப்ராம்டனை மீட்டு, கதையின் நடுவே மறுபடி உட்காரவைக்கும் உரிமை மலைக்காரருக்கே அதிகம்.

நம் கோபம் எங்கே போகவேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர்; பிள்ளை பிழைத்தால் போதும் என்று, கனவில் உத்தரவு வரும்வரை காத்திருந்த தாய் தகப்பன்மார். நர்ஸ் ராட்செட் அங்கே இல்லை. மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை என்பதே அங்கே நிகழ்ந்த குற்றம். அமெரிக்க வாசகரின் துயரம் அளவுக்கு மீறிய ஆஸ்பத்திரியால் விளைந்தது. நம்முடையது ஆஸ்பத்திரியின் இன்மையால் விளைந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதையும், நோயின் வகைக்கு ஏற்ப அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாதிருப்பதையும் கண்டது.

ஏர்வாடியின் சாம்பலிலிருந்து சட்டம் மெல்ல எழுந்தது. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டத்தை 1987-ன் சட்டம் முன்பே மாற்றியிருந்தது; அதையும் நீக்கி 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த விதத்திலும் எவரையும் சங்கிலியிடக் கூடாது என்று அது திட்டமாகத் தடுக்கிறது. தனக்கு நோய் முற்றினால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. மெக்மர்ஃபிக்குக் கிடைத்திருக்கவேண்டிய நியாயங்கள் பல அதில் இருக்கின்றன. இவற்றினும் நம் வாசகருக்கு முக்கியமான ஒன்றும் உண்டு: மனநல சிகிச்சைக்காக எவரும் நெடுந்தூரம் பயணம் செய்ய நேராதபடி, அது அவரவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது.

2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்ற கள்ளக்குறிச்சிக்கு அந்தக் கடமையை நிறைவேற்றுவது இன்று எட்டாக்கனி அல்ல. மருத்துவக் கல்லூரி என்றால் மனநல மருத்துவத் துறையும் அதில் இருந்தாகவேண்டும் என்பது விதி. 1982-ன் தேசிய மனநலத் திட்டமும் 1996-ல் அதன் கிளையாகத் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் விரும்பியது, அந்தச் சேவை ஆரம்ப சுகாதார நிலையம்வரை இறங்கிவர வேண்டும் என்பதே. சின்னசேலத்துக்கும் நைனார்பாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் மருத்துவர் குறித்த கிழமையில் தவறாது வருவதும், மாத்திரை தீர்ந்துபோகாமல் இருப்பதும் உறுதியானால், பிள்ளையின் நோயை மறைக்கக் காபியில் மாத்திரையைக் கலந்து கொடுக்கும் தாய்மாரின் சங்கடம் பாதி குறையும். மற்றப் பாதி, அக்கம்பக்கத்தாராகிய நம் நாவைப் பொறுத்தது.

ஆகவே கெஸியைப் படியுங்கள், ஆனால் அவரோடு கோபி கிருஷ்ணனையும் வெங்கட்ராமையும் சேர்த்துப் படியுங்கள். ஆஸ்பத்திரியின் மீது அச்சத்தை வளர்த்துக்கொள்வதற்காகப் படிக்கவேண்டாம். நல்ல ஆஸ்பத்திரியைக் கேட்டுப் பெறும் துணிவுக்காகப் படியுங்கள். கிராமசபை கூடும்போது சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல மனநல மருத்துவரையும் கேளுங்கள். வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தவித்தாலோ, தமக்குள் பேசினாலோ, சாக வேண்டுமென்று சொன்னாலோ, கயிறு கட்டுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். 2022 அக்டோபர் முதல் நடுவண் அரசு நடத்திவரும் டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.